வாத்தியாருக்கு வாத்தியார் யார்?

இன்று நம் ஊர்களில் உபாத்தியாயர்களைப் பற்றிச் சொல்லப்படும் குற்றங்களில் முதன்மையானது, அவர்கள் எந்நேரமும் செல்போனும் கையுமாய் இருக்கின்றார்கள் என்பதாகும். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தாமும் அதே செல்போனைத் தடவிக்கொண்டிருக்கும் கனவான்களே இக்குற்றத்தை அதிகமாய்ச் சொல்லுகின்றார்கள் என்பது ஒரு வேடிக்கை. அது நிற்க. வாத்தியார் செல்போன் பார்க்கின்றாரா இல்லையா என்பது நமது கேள்வியல்ல. அதில் என்ன பார்க்கின்றார், யாரோடு பேசுகின்றார், பேசியதனால் மறுநாள் காலையில் பிள்ளைகளுக்கு ஏதாவது லாபம் உண்டா என்பதே நமது கேள்வி.

இதைக் கேட்க உமக்கு என்ன யோக்கியதை என்று சிலர் நினைக்கலாம். நாம் எட்டாவது வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்த ஆசாமிதான். அதற்கு மேல் படித்ததெல்லாம் வாசகசாலையில் படித்ததும், தெரிந்தவர்களோடு வாதாடித் தெரிந்துகொண்டதுமே ஆகும். தெரியாததைத் தெரிந்தவனிடம் கூச்சமில்லாமல் கேட்பது என்பதைத் தவிர வேறு காலேஜ் நமக்குக் கிடையாது. ஆகவே அந்த ஒரு வித்தையைப் பற்றிப் பேச நமக்கும் கொஞ்சம் யோக்கியதை உண்டென்றே எண்ணுகின்றோம்.

தோழர்களே! மற்றத் தொழில்களையும் வாத்தியார் தொழிலையும் சற்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு கொத்தன் சுவர் எழுப்பினால் பக்கத்துக் கொத்தன் தூக்குக்குண்டைப் பிடித்துப் பார்த்து, "அண்ணே, கோணலாப் போவுது" என்று சொல்லுகின்றான். ஒரு தையற்காரன் வெட்டுகிற வெட்டை நாலு பேர் பார்க்கின்றார்கள். வக்கீலோ எதிர்க்கட்சி வக்கீல் முன்னால்தான் வாய் திறக்கவேண்டும். வாத்தியார் ஒருவர்தான் கதவைச் சாத்திக்கொண்டு, தம் தொழிலின் நெளிவு சுளிவு ஒன்றும் அறியாத சிறு பிள்ளைகளின் முன்னிலையில், தனியாய்த் தொழில் செய்கின்றார். அவர் செய்வது சரியா தப்பா என்று சொல்ல அங்கே இன்னொரு தொழிலாளி இல்லை. இரண்டு உபாத்தியாயர்கள் சேர்ந்து ஐந்து வகுப்புகளையும் கட்டி மேய்க்கும் கிராமப் பள்ளிக்கூடங்களில் இந்தத் தனிமை எப்படிப்பட்டது என்பதைச் சொல்லவேண்டியதில்லை. எப்போதாவது வருகின்ற அதிகாரியோ, ரிஜிஸ்டரைப் பார்ப்பார், தலைகளை எண்ணுவார், சத்துணவுக் கணக்கைப் புரட்டுவார், போய்விடுவார். பயிற்சி என்று வருஷத்தில் சில நாள் கூப்பிட்டு உட்காரவைத்தாலும் அங்கே ஒருவர் பேசுவதும் நூறு பேர் கொட்டாவி விடுவதுமாய்த்தான் பெரும்பாலும் காரியம் நடக்கின்றது.

அன்றியும், தெரிந்த வித்தையை ஒளித்துவைப்பது நம் நாட்டில் நெடுநாளையப் பழக்கம். வைத்தியன் சூரணத்தின் பக்குவத்தை மகனுக்குக்கூட முழுதும் சொல்லாமல் செத்துப்போவான். வித்தை அவனோடு சுடுகாட்டுக்குப் போகும். இதற்குக் குரு மரபு என்றும், தகுதி பார்த்துக் கொடுப்பது என்றும் பெருமையான பேர்கள் வேறு. இத்தகைய நாட்டில் ஒரு வாத்தியார் இன்னொரு வாத்தியாரைப் பார்த்து, "இந்தப் பாடம் எனக்கு நடத்த வரவில்லை, நீங்கள் எப்படி நடத்துகிறீர்கள்?" என்று கேட்பதானால் அது சாமானியமான காரியமாகுமா?

இதில் பழைய சங்கதி ஒன்றுண்டு. அது நம் சென்னையிலேயே நடந்தது. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1787-இல் சென்னைக்கு வந்து, 1789-இல் எழும்பூரில் பட்டாளத்துக்காரர்களின் பிள்ளைகளுக்காக ஏற்பட்ட அனாதைப் பள்ளிக்கூடத்துக்குத் தலைவரானார். ஒருநாள் அவர் குதிரைமேல் போகும்போது, நம்மவர் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுத்தெழுதிப் பழகுவதைக் கண்டார். பார்த்த மாத்திரத்தில் அதன் அருமை அவருக்கு விளங்கிற்று. திரும்பி வந்து தமது உபாத்தியாயர்களிடம் அம்மாதிரி செய்யச் சொன்னார். அவர்கள், அது நடவாது என்று மறுத்துவிட்டார்கள். திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியானிடமிருந்து நாம் கற்பதா என்ற கௌரவம்தான் காரணமாய் இருந்திருக்குமென்று ஊகிக்கின்றோம். பெல் அவர்களை விட்டுவிட்டு, பிரிஸ்கன் என்ற 8 வயதுப் பையனிடம் அவ்வேலையைக் கொடுத்தார். அந்தச் சிப்பாய் மகன் செய்து காட்டிவிட்டான். 1797-இல் பெல் லண்டனில் இதை ஒரு சிறு புத்தகமாய் அச்சிட்டார். பிறகு இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான பள்ளிக்கூடங்கள் இந்த "மதராஸ் முறை"யில் நடந்தன. லங்காஸ்டர் என்ற இன்னொருவர் இம்முறையை முதலில் கண்டது தாமே என்று கிளம்ப, இரு கட்சியாருக்கும் வருஷக்கணக்கில் சண்டையும் நடந்தது. ஆனால் மணலைப் பரப்பிய அந்தத் திண்ணை வாத்தியாரின் பேர் பெல்லுக்கும் தெரியாது, லங்காஸ்டருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

இதிலிருந்து விளங்குவதென்ன? ஓர் உபாத்தியாயருடைய நல்ல கைவேலை இன்னோர் உபாத்தியாயருக்குப் போய்ச் சேரவேண்டுமானால், அக்காலத்தில் குதிரையில் போகும் ஒரு பாதிரியின் கண்ணில் அது தற்செயலாய்ப் படவேண்டும், பிறகு கப்பலேறவேண்டும், அச்சேறவேண்டும். போய்ச் சேர்ந்த பிறகும் பேர் வேறொருவருக்கு. இன்றோ அதே மணலை ஒரு வாத்தியார் செல்போனில் படம்பிடித்து, தம் பேரோடேயே, ஒரு நிமிஷத்தில் ஆயிரம் பேருக்கு அனுப்பலாம். வாட்ஸ்அப்பில் ஒரு குழுவிலேயே 1,024 பேர் இருக்கலாம். அப்படியிருந்தும் எத்தனை மணல் போய்ச் சேருகின்றது என்பதைக் கவனிக்கவேண்டும்.

நம் வீட்டின் பின்கட்டில் ஓர் உபாத்தியாயினி குடியிருக்கின்றார். ஏறக்குறையப் பத்து வருஷ உத்தியோகம், இரண்டே ஆசிரியர்கள் உள்ள கிராமப் பள்ளிக்கூடம், பஸ் ஒன்றுதான். அவர் நாலாவது வகுப்பில் ஒரு பெண், 52-இல் 27 போக எவ்வளவு என்றால் 35 என்று எழுதும். 41-இல் 18 போக 37 என்று எழுதும். எத்தனை தரம் திருத்தினாலும் அப்படியே. அந்தம்மாள் அடிக்கிறவர் அல்ல. ஆனால், "இவளுக்குக் கணக்கு ஏறாது" என்ற முடிவுக்கு வரும் தறுவாயில் இருந்தார். ஒருநாள் இரவு ஒன்பது மணிக்கு அந்தக் கணக்கை அப்படியே படம்பிடித்து, தம் வட்டாரத்து ஆசிரியர்கள் எல்லாரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "இதற்கு என்ன செய்வது, யாராவது சொல்லுங்கள்" என்று எழுதினார். நாம் அப்போது அவர்கள் வீட்டுத் திண்ணையில்தான் இருந்தோம். எழுதி முடித்ததும், "தெரியாதுன்னு எல்லார் முன்னாலயும் எழுதிட்டேனே, என்ன நினைப்பாங்களோ அண்ணே" என்று அவர் கை பிசைந்ததை நாம் மறக்கவில்லை.

கால்மணி நேரத்துக்குள் பதில் வந்துவிட்டது. எட்டு மைலுக்கு அப்பால், ஓய்வு பெற இரண்டு வருஷமே பாக்கியுள்ள ஒரு வாத்தியார் எழுதியிருந்தார்: "டீச்சர், நாளைக்குத் தப்பு என்று சொல்லாதீர்கள். எப்படிப் போட்டாய் என்று பாப்பாவையே கேளுங்கள். சொன்ன பிறகு ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாய்க் கட்டிக் கையில் கொடுங்கள்."

மறுநாள் கேட்டார். அந்தப் பெண் சொல்லிற்றாம்: "பெரிசுல இருந்துதானே டீச்சர் சின்னதைக் கழிக்கணும்? நீங்கதானே சொன்னீங்க!" அதாவது, 2-இல் 7 போகாது என்பதால், 7-இல் 2 போக 5 என்று போட்டிருக்கின்றது. வாத்தியாரம்மாள் மூன்றாவது வகுப்பில் சொன்ன ஒரு வாக்கியத்தை அந்தப் பெண் ஓர் அணுவும் பிசகாமல் கடைப்பிடித்ததுதான் தப்பு! மண்டு என்று நினைத்த பிள்ளை, தனக்குச் சொன்ன விதியை எல்லாரையும்விட ஒழுங்காய்ப் பின்பற்றியிருக்கின்றது. பிறகு ஐந்து கட்டும் இரண்டு உதிரியுமாய் ஈர்க்குச்சி கொடுத்து, "ஏழு எடு" என்றபோது, ஒரு கட்டை அவிழ்க்காமல் முடியாதென்பது அதற்கே தெரிந்துவிட்டது. மூன்று நாளில் கணக்கு நேராயிற்று. பிள்ளைகள் கழித்தலில் செய்யும் இம்மாதிரிப் பிசகுகள் கவனக்குறைவல்ல, அவர்களாக உண்டாக்கிக்கொண்ட ஓர் ஒழுங்கின்படியே வருபவை என்று அமெரிக்காவில் பிரவுன், பர்ட்டன் என்ற இருவர் 1978-லேயே ஆராய்ந்து எழுதியிருக்கின்றார்கள். அது இந்தப் பின்கட்டுக்கு வந்து சேர இத்தனை காலமாயிற்று. வந்ததும் எந்தச் சர்க்கார் உத்தரவினாலும் வரவில்லை, எட்டு மைல் தூரத்து ஒரு வாத்தியாரின் கைவிரலால் வந்தது.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. அன்றிரவே ஒன்பதரை மணிக்கு அதே குழுவில் மேலதிகாரி ஒருவரிடமிருந்து ஓர் எச்சரிக்கை வந்தது: "இக்குழு அலுவலகத் தகவல்களுக்கு மட்டும். சொந்த விஷயங்களைப் பதிவிடவேண்டாம்."

சொந்த விஷயமாம்! ஒரு பெண் பிள்ளைக்குக் கழித்தல் வரவில்லை என்பது வாத்தியாருடைய சொந்த விஷயமானால், பள்ளிக்கூடத்தின் பொது விஷயம் எது? அந்தக் குழுவை நாமே வாங்கிப் பார்த்தோம். எத்தனை பேர் சாப்பிட்டார்கள், எத்தனை பேர் மாத்திரை விழுங்கினார்கள், இந்தப் படிவத்தை இன்று மாலை நாலு மணிக்குள் அனுப்பு, அனுப்பாதவர்கள் பட்டியல் இதோ, இவையே மேலும் கீழுமாய். இடையிடையே, "நன்றி ஐயா", "சிறப்பு ஐயா", "வணக்கம் ஐயா", கைகூப்பிய பொம்மைகள் வேறு வரிசை வரிசையாய். காலையில் பூப்போட்ட வாழ்த்து, இரவில் நிலாப்போட்ட வாழ்த்து. கையில் இருப்பது உலகமெல்லாம் பேசக்கூடிய கருவி. நடப்பதோ பழைய தண்டோராவும் பழைய கும்பிடும்! தண்டோராக்காரனாவது அடித்துவிட்டுப் போய்விடுவான். இது ராத்திரி பத்து மணிக்கும் தலைமாட்டில் அடித்துக்கொண்டிருக்கின்றது. கடைசியில் அந்தக் குழுவில் அதிகாரிகள் மாத்திரமே எழுதலாம் என்று பூட்டியும் விட்டார்கள்.

அதிகாரி கெட்டவர் என்று நாம் சொல்ல வரவில்லை. அவருக்கும் மேலே இன்னொரு குழு, அங்கே அவருக்கும் நாலு மணிக் கெடு. நாம் சொல்லுவதெல்லாம், சம்பளத்துக்கும் மாற்றலுக்கும் அதிகாரம் உள்ளவர் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் எந்த மனிதனும் "எனக்குத் தெரியவில்லை" என்று வாய் திறக்கமாட்டான் என்பதுதான். வாய் திறக்காத இடத்தில் கல்வி ஏது?

இனி, மற்ற தேசத்து வாத்தியார்கள் என்ன செய்தார்கள் என்பதைப் பார்ப்போம். 2006-இல் ஸ்காட்லாந்தில், எடின்பரோவில், சில உபாத்தியாயர்கள் யாருடைய உத்தரவுமின்றித் தாமாகவே கூடினார்கள். இதற்கு டீச்மீட் என்று பேர் வந்தது. தலைமை உரை கிடையாது. தம் வகுப்பில் செய்து பார்த்த ஒன்றை ஏழு நிமிஷத்தில் சொல்லவேண்டும், அல்லது இரண்டு நிமிஷத்தில் சொல்லவேண்டும். நேரம் மீறிப் பேசுகிறவர் மேல் பஞ்சடைத்த ஒட்டகப் பொம்மையை எறிவது சில இடங்களில் வழக்கமாயிற்று. நம் நாட்டு மேடைகளுக்கு, நம் இயக்க மேடை உள்பட, இவ்வொட்டகம் அவசரமாய்த் தேவை என்பது நமது அபிப்பிராயம். பிறகு டுவிட்டர் வந்தது. 2009-இல் அமெரிக்காவில் எட்சாட் என்ற பேரிலும், 2010-இல் இங்கிலாந்தில் யூகே எட்சாட் என்ற பேரிலும், வாரம் ஒரு நாள் ஒரு மணி நேரம் ஒரே விஷயத்தைப் பற்றி அங்கங்கே இருந்த உபாத்தியாயர்கள் பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். இங்கிலாந்தில் அது வியாழக்கிழமை இரவு எட்டு மணி. ஹெட்மாஸ்டரும் நேற்று வேலைக்குச் சேர்ந்தவரும் அங்கே ஒரே அளவு எழுத்துக்குள்தான் பேசவேண்டும். நம் நாட்டிலும் இல்லாமலில்லை. பக்கத்துக் கருநாடகத்தில் அரசு உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் கணக்குக்கு ஒன்று, விஞ்ஞானத்துக்கு ஒன்று என்று பாடவாரியாய்க் கடிதக்குழு வைத்து, தாங்கள் தயாரித்த பாடங்களைத் தங்களுக்குள் பகிர்ந்து வருவது 2011 வாக்கிலேயே துவங்கிற்று.

ஆனால் வாத்தியார்கள் கூடிப் பேசினாலே போதும், அறிவு தானே பெருகிவிடும் என்று யாரும் ஏமாறவேண்டாம். பத்துப் பேர் கூடினால் பத்துப் பேருடைய அறிவும் கூடும். பத்துப் பேருடைய மூடத்தனமும் கூடும். இங்கேதான் நமக்குப் பெரிய கவலை.

உதாரணமாக, உபாத்தியாயர் குழுக்களில் ஓயாமல் சுற்றிவரும் ஒரு கோபுரப் படம் உண்டு. படித்தது நூற்றுக்குப் 10 பங்கு நினைவில் நிற்கும், கேட்டது 20 பங்கு, பார்த்தது 30 பங்கு, இப்படியே ஏறி, செய்தது 90 பங்கு நிற்கும் என்று அதில் போட்டிருக்கும். நம் வீட்டு வாத்தியாரம்மாள் இதைக் காட்டியபோது நாம் ஒன்றே ஒன்று கேட்டோம்: "இதை யார் அளந்தது? 10, 20, 30 என்று படிக்கட்டு வைத்தாற்போல மனிதன் மூளை வேலை செய்யுமா?" அந்தம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது, ஆனாலும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை செலவிட்டுத் தேடினார். எட்கர் டேல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1946-இல் எழுதிய புத்தகத்தில் ஒரு கூம்புப் படம் போட்டது வாஸ்தவம். ஆனால் அதில் எண்களே கிடையாது! எண்கள் வேறெங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டவை. 1967-இல் ஓர் எண்ணெய்க் கம்பெனியைச் சேர்ந்தவர் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் இவ்வெண்களை எழுதியிருக்கின்றார். அதற்கு எந்தச் சோதனையையும் ஆதாரமாய்க் காட்டவில்லை. அளக்காத அளவை உலகமெங்கும் வாத்தியார்கள் ஒருவருக்கொருவர் பக்தி சிரத்தையோடு அனுப்பிக்கொண்டிருக்கின்றார்கள். இதைப் பத்துப் பேருக்கு அனுப்பினால் நல்லது நடக்கும் என்று தபாலட்டை அனுப்பிய கூட்டத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இதைவிடக் கொடியது இன்னொன்று. பிள்ளைகள் மூன்று ஜாதி என்கின்றார்கள்: கண்ணால் கற்பவன், காதால் கற்பவன், கையால் கற்பவன், அவனவனுக்கு அவனவன் வழியில்தான் சொல்லவேண்டும் என்கின்றார்கள். கேட்பதற்கு அன்பாயும் நவீனமாயும் இருக்கின்றது. இது உண்மையா என்று பார்க்க வழி சுலபம். கண் பிள்ளைகளில் பாதிப் பேருக்குக் கண் வழியாகவும் பாதிப் பேருக்குக் காது வழியாகவும் ஒரே பாடத்தைச் சொல்லவேண்டும். காது பிள்ளைகளுக்கும் அப்படியே. பிறகு எல்லாருக்கும் ஒரே பரீட்சை வைக்கவேண்டும். கண் பிள்ளை கண் வழியிலும், காது பிள்ளை காது வழியிலும் மேலோங்கினால்தான் இக்கொள்கை நிற்கும். 2008-இல் அமெரிக்காவில் நாலு மனநூல் ஆராய்ச்சியாளர்கள் அதுவரை வந்த ஆராய்ச்சிகளை இப்படிச் சலித்துப் பார்த்தார்கள். இம்மாதிரி ஒழுங்காய்ச் சோதித்தவையே மிகச் சில. அவற்றிலும் பல இக்கொள்கைக்கு நேர் விரோதமாயிருந்தன. இருந்தும், 2012-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், இங்கிலாந்திலும் ஹாலந்திலும் கேட்கப்பட்ட 242 உபாத்தியாயர்களில், முறையே நூற்றுக்கு 93 பேரும் 96 பேரும் இதை நம்பினார்கள். அதிலும் அவர்கள் மூளை சம்பந்தமான விஷயங்களில் அக்கறை கொண்டு படிக்கின்றவர்கள்! படித்தவர் நம்பினால் அது மூடநம்பிக்கை ஆகாதென்று ஏதாவது சட்டமா?

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். நமக்குத் தெரிந்த ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு பையனைக் கையால் கற்பவன் என்று தீர்த்துவிட்டார்கள். கிளியோபாத்திரா கதையா, அசோகன் கதையா, எதுவானாலும் அவனுக்குக் களிமண்ணும் கத்தரிக்கோலும்தான். மற்றவர்கள் புத்தகம் வாசிக்கும்போது அவன் கோலப்பொடி கரைத்துக்கொண்டிருப்பான். ஐந்தாவது முடிந்தும் வாசிக்கத் தெரியவில்லை. அவன் தகப்பன் செங்கற் சூளையில் கூலி. "கைவேலைதான் வரும்ங்கறாங்க, சரிதானே, நம்ம பிள்ளைக்கு அதுதானே" என்று அந்தத் தகப்பனே நம்மிடம் சொன்னான். தோழர்களே, உன் பாட்டன் செய்ததைத்தான் நீ செய்யவேண்டும், உனக்குப் பிறவியிலேயே எழுத்து விலக்கு என்று முன்பு சொன்னார்களே, அதற்கும் இதற்கும் பலனில் என்ன பேதம்? முன்னது சாஸ்திரம் என்று வந்தது, இது ஆராய்ச்சி என்று வந்திருக்கின்றது. தலையெழுத்து என்ற சொல்லைத்தான் மாற்றியிருக்கின்றார்கள்.

இங்கிலாந்திலும் இம்மாதிரிப் புரட்டுகளை மேலிருந்தே வாத்தியார்கள் தலையில் கட்டினார்கள். அதைக் கேள்வி கேட்கக் கிளம்பியவர்களும் வாத்தியார்களே. டாம் பென்னெட் என்பவர் கிழக்கு லண்டனில் உபாத்தியாயராயிருந்தவர். அதற்கு முன் இரவுக் கேளிக்கை விடுதி நடத்தியவர். 2013-இல் டுவிட்டரில் நடந்த பேச்சிலிருந்து, வாத்தியார்களும் ஆராய்ச்சியாளர்களும் நேரில் சந்தித்தாலென்ன என்ற யோசனை பிறந்தது. அவ்வருஷம் செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை லண்டனில் ரிசர்ச்எட் என்ற பேரில் கூட்டம் நடந்தது. லீவு நாளில் தம் செலவில் வாத்தியார்கள் வந்து, நமக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் மெய்தானா என்று கேட்டார்கள். பின்னால் அது பல தேசங்களுக்கும் பரவியது. பென்னெட் பிற்பாடு சர்க்காருக்கே ஆலோசகரானார். பிள்ளைகளைக் கண்டிப்பில் வைப்பது பற்றிய அவருடைய கருத்தையெல்லாம் நாம் ஒப்புக்கொள்ளுவதாய் யாரும் எடுத்துக்கொள்ளவேண்டாம். எப்படித் தெரியும் என்று கேட்டதை மாத்திரமே மெச்சுகின்றோம்.

இன்னொன்றையும் மறந்துவிடக்கூடாது. அந்த வாத்தியார்கள் பதின்மூன்று வருஷம் கூடிப் பேசிய டுவிட்டர் சத்திரம் அவர்களுடையதல்ல. 2022 அக்டோபரில் ஈலான் மஸ்க் என்ற முதலாளி அதை 4,400 கோடி டாலருக்கு வாங்கினார். 2023 ஜூலையில் பேரையும் எக்ஸ் என்று மாற்றினார். பல உபாத்தியாயர்கள் மூட்டை கட்டிக்கொண்டு வேறு வேறு இடங்களுக்குப் போய்விட்டார்கள், கூட்டம் கலைந்தது. வாட்ஸ்அப்பும் பேஸ்புக்கும் அப்படியே ஒரு முதலாளி வீட்டுத் திண்ணைகள்தான். உட்காரலாம், நம் பத்திரத்தை அங்கே வைத்துவிட்டு வரக்கூடாது. நல்ல பாடம் ஒன்று குழுவில் வந்தால் அதை ஒரு நோட்டில் எழுதி வைக்கவேண்டுமென்று அந்த எட்டு மைல் வாத்தியார் சொல்லுகின்றாராம். கிழவர் புத்திசாலி.

அந்தம்மாளும் அவரும் இன்னும் ஒன்பது பேருமாகச் சேர்ந்து இப்போது தனியாய் ஒரு குழு வைத்திருக்கின்றார்கள். பதினொரு பேர், அதிகாரி இல்லை. காலை வணக்கம் கூடாது, சாமி படம் கூடாது, தலைவர் படம் கூடாது, பிறந்தநாள் வாழ்த்துக் கூடாது. வாரத்துக்கு ஒருவர், தம் வகுப்பில் தோற்றுப்போன ஒரு பாடத்தை எழுதவேண்டும். ஜெயித்ததை எழுதுவது அப்புறம். ஏதாவது ஒன்றை வேறிடத்திலிருந்து எடுத்துப் போட்டால், இதை நான் செய்து பார்த்தேனா இல்லையா என்பதை ஒரு வரி சேர்த்து எழுதவேண்டும். நம் கூட்டத்து நோட்டீசு ஒன்றை அதில் போடச் சொன்னோம். "உங்களதும் போடக் கூடாது அண்ணே" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். முதலில் வருத்தமாய்த்தான் இருந்தது. இரண்டு நாள் கழித்து, நியாயம் என்று தோன்றிற்று.

இன்னொரு விதியும் வைத்திருக்கின்றார்கள்: பிள்ளைகளின் முகத்தைப் படம்பிடித்துப் போடக்கூடாது, நோட்டையும் கையெழுத்தையும் மாத்திரம், அதுவும் பேரை மறைத்து. இதைக் கேட்டபோது நமக்கு உண்டான சந்தோஷத்துக்கு அளவில்லை. ஏனெனில் இன்று பல வாத்தியார்கள் செய்கின்ற காரியம் வேறு. ஏழைப் பிள்ளைக்கு ஒரு ஜோடி செருப்போ, இரண்டு நோட்டோ வாங்கிக் கொடுத்து, அதை அந்தப் பிள்ளை இரண்டு கையாலும் வாங்கும்போது படமெடுத்து, பேஸ்புக்கில் போட்டு, எத்தனை பேர் மெச்சினார்கள் என்று எண்ணிக்கொண்டிருக்கின்றார்கள். வாசிக்கத் திணறும் பிள்ளையைத் திணறும்போதே வீடியோ எடுத்து, பார்த்தீர்களா முன்பு எப்படியிருந்தான் என்று ஊருக்குக் காட்டுகின்றார்கள். அவ்வாத்தியாரின் மகனை இப்படி யாராவது காட்டினால் பொறுப்பாரா? தானம் வாங்கும் கோலத்தில் பிடித்த படம் அந்தப் பிள்ளை பெரியவனானாலும், கலியாணம் செய்துகொண்டாலும் அழியாது. ஏழையின் பிள்ளைக்கு மானமில்லை என்று எண்ணுகின்ற வாத்தியார் எத்தனை பாடத்தைப் பகிர்ந்துகொண்டாலும் நமக்கு வேண்டாம். 2023-இல் இந்தியப் பார்லிமெண்டு செய்த தனித் தகவல் பாதுகாப்புச் சட்டம்கூட, 18 வயது நிறையாதவர் சங்கதியில் பெற்றோர் சம்மதத்தைப் பற்றிப் பேசுகின்றது. நம் தாய்மார்களில் எத்தனை பேரிடம் யார் கேட்டார்கள்?

இதைப் படிக்கும் தோழர்களில் பலர் பிள்ளை பெற்றவர்கள். சிலர் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் இருக்கின்றீர்கள். 2009-ஆம் வருஷத்திய கல்வி உரிமைச் சட்டப்படி அக்குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்களே. மொத்தத்தில் பாதி பெண்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்து வருவதற்காக அந்த இடம் உங்களுக்குக் கொடுக்கப்படவில்லை. அடுத்த கூட்டத்தில் வாத்தியார் ஏன் செல்போன் பார்க்கின்றார் என்று கேட்காதீர்கள். எங்கள் பிள்ளைக்கு வராத பாடத்தைப் பற்றி வேறெந்த வாத்தியாரிடமாவது கேட்டீர்களா, அவர் என்ன சொன்னார் என்று கேளுங்கள். பிள்ளைகளின் படம் எங்கெங்கே போயிருக்கின்றது என்று கேளுங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் வாத்தியார்களுக்கு மேலிடத்திலிருந்து படிவம் கேட்டு வருவதை நிறுத்தவேண்டுமென்று ஒரு தீர்மானம் எழுதி, அதிகாரிக்கு அனுப்புங்கள். வாத்தியாருக்காக ஊர்க்காரன் தீர்மானம் போட்டது இதுவரை நாம் கேள்விப்பட்டதில்லை.

அந்த நாலாவது வகுப்புப் பெண் இப்போது ஐந்தாவதில் இருக்கின்றது. சென்ற வாரம், 302-இல் 148 போக எவ்வளவு என்ற கணக்கில் நடுவிலுள்ள சைபரிடம் எப்படிக் கடன் வாங்குவது என்று கேட்டதாம். அந்தம்மாள் அதைப் பதினொரு பேரிடமும் கேட்டிருக்கின்றார். நாம் இதை எழுதி முடிக்கும் வரையில் நாலு பதில் வந்திருக்கின்றது; நாலும் வெவ்வேறு.